தொகுப்பு நூலா, முழு நூலா: அமெரிக்க வீட்டுக்கல்வியில் பதின்பருவத்தினரின் இலக்கியப் பாடம்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது 1993-க்குள் 50 மாநிலங்களிலும் சட்டம் ஏற்றுக்கொண்ட முறையாகிவிட்டது. கூட்டரசின் கல்விப் புள்ளிவிவரப்படி 2019-இல் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 2.8 விழுக்காட்டினர் இவ்வாறு படித்தனர். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இன் இலையுதிர் பருவத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் 11.1 விழுக்காடு வீட்டுக்கல்வியில் இருந்ததாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் ஆய்வு காட்டியது. மேற்பார்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. டெக்சாஸில் அரசுக்குத் தகவல்கூடத் தர வேண்டியதில்லை. பென்சில்வேனியாவிலோ ஆண்டுக்கு 180 நாள் படிப்பு, மதிப்பீட்டாளர் ஒருவரின் சான்று, மாணவர் படித்த நூல்களைத் தலைப்புவாரியாகக் குறித்துவைத்த பதிவேடு ஆகியவை தேவை. அத்தனை கெடுபிடி உள்ள பென்சில்வேனியாவின் சட்டமும் எந்த நூலைப் படிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அந்த முடிவு பெற்றோரிடம் விடப்பட்டிருக்கிறது.

பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எட்டும்போது இந்தச் சுதந்திரம் சுமையாகத் தோன்றத் தொடங்குகிறது. சிறு வயதில் கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டியே ஓட்டிவிட்ட தாய், இனி அமெரிக்க இலக்கியம், பிரிட்டிஷ் இலக்கியம் என்று பெயர் வைத்துப் பாடம் நடத்தி, மதிப்பெண் பட்டியலும் தாமே தயாரிக்க வேண்டும். அப்போது அவர் முன் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, பல எழுத்தாளர்களின் படைப்புகளையும் பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்த, ஆயிரம் பக்கத்துக்குக் குறையாத பாடத் தொகுப்பு ஒன்றையும் அதற்குரிய ஆசிரியர் பதிப்பையும் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நடத்திச் செல்வது. மற்றது, ஆண்டுக்கு எட்டோ பத்தோ நூல்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றையும் முழுமையாகப் படிப்பது.

தொகுப்பின் வரலாறு பற்றாக்குறையிலிருந்து தொடங்குகிறது. 1836-இல் வெளிவரத் தொடங்கிய மெக்கஃபி வாசகப் புத்தகங்கள், நூலகமோ போதிய நூல்களோ இல்லாத ஓரறைப் பள்ளிகளுக்காகச் செய்யப்பட்டவை. கட்டுரை, சொற்பொழிவு, கவிதை, நாடகக் காட்சி என எல்லாவற்றிலிருந்தும் ஒரு துண்டு அவற்றில் உண்டு. ஒரு குடும்பத்தில் பைபிளுக்கு அடுத்து இருந்த ஒரே நூல் இதுவாக இருந்த காலத்தில், துண்டாகவாவது ஷேக்ஸ்பியர் கைக்குக் கிடைத்தது பெரிய விஷயம்தான். இன்றும் வீட்டுக்கல்விக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் அவற்றின் மறுபதிப்புகளை வாங்குகின்றனர்.

முழு நூல் பக்கத்தின் மூதாதை இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லட் மேசன். 1842-இல் பிறந்து 1923-இல் மறைந்த அவர், ஆம்பிள்சைட் என்ற ஊரில் ஆசிரியைகளைப் பயிற்றுவித்தவர். பலர் எழுதியதைச் சுருக்கித் தரும் பாடப்புத்தகத்தைவிட, ஒரு பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஒருவர் எழுதிய நூலே மாணவரின் மனத்துக்கு உணவாகும் என்று வாதிட்டவர். ஒரு பகுதியை ஒரே முறை படித்துவிட்டுத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வதே அவருடைய முறையில் பாடமும் தேர்வும் ஆகும். 1980-களின் நடுவில் அமெரிக்க வீட்டுக்கல்வி வட்டங்கள் அவரை மறுபடி கண்டெடுத்தன. 1990-இல் தொடங்கப்பட்ட சன்லைட் போன்ற பாடத்திட்ட நிறுவனங்கள் பெட்டி நிறையக் கதைநூல்களையே பாடமாக அனுப்பிவைத்தன. மறுபுறம், அபேகா, பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் போன்ற கிறித்தவ வெளியீட்டாளர்கள் வகுப்புவாரியான தொகுப்புகளைத் தந்தன. இதனால் இது இரண்டு முகாம்களின் சண்டைபோல் ஆகிவிட்டது.

என் பார்வையில் இந்தச் சண்டையின் எல்லைக்கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது. ஓர் எழுத்தாளர் முடித்துவைத்த படைப்பு மாணவர் கைக்கு அப்படியே வருகிறதா, அல்லது வேறொருவர் வெட்டியெடுத்த துண்டு வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு சிறுகதையும் ஒரு கவிதையும் தொகுப்புக்குள்ளும் முழுமையாகவே இருக்கின்றன. ஒரு நாவலும் காப்பியமும் அங்கே முழுமையாக இருப்பது அரிது. எட்கர் ஆலன் போ 1842-இல் ஹாதார்னின் கதைகளைப் பற்றி எழுதியபோது, ஓர் அமர்வில், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், படித்து முடிக்கக்கூடிய கதையே முழுமையான விளைவைத் தரும் என்றார். அப்படிப்பட்ட கதைகள் முதலில் வெளிவந்ததே பல்வேறு எழுத்துகளுக்கு நடுவில், இதழ்களில்தான்; தொகுப்பு அவற்றுக்கு அந்நிய வீடு அன்று. தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எட்டுத்தொகைப் பாடல்கள் நம் கைக்கு வந்தது தொகுத்தோரின் வழியாகத்தான். குறுந்தொகைப் பாடல் ஒன்று நான்கு முதல் எட்டு அடிக்குள் தன்னளவில் நிறைந்துவிடுகிறது. ஏ.கே. ராமானுஜன் 1967-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்குப் பிறகு அந்தப் பாடல்கள் அமெரிக்க உலக இலக்கியத் தொகுப்புகளிலும் இடம்பெற்றன. ஓஹாயோவில் வீட்டில் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளை சங்கப் பாடல் ஒன்றைத் தற்செயலாகச் சந்திக்க வேண்டுமானால், அது பெரும்பாலும் ஒரு தொகுப்பின் பக்கத்தில்தான் நிகழும்.

துண்டு எவ்வளவு இழக்கச் செய்கிறது என்பதற்கு ஒன்பதாம் வகுப்பின் நிரந்தர விருந்தாளியான, ஹோமரின் கிரேக்கக் காப்பியம் ஒடிசியைக் காட்டலாம். 24 பகுதிகள் கொண்ட அந்தக் காப்பியத்திலிருந்து தொகுப்புகள் வழக்கமாக எடுப்பவை ஒற்றைக்கண் அரக்கன், மந்திரக்காரி சர்சி, பாடி மயக்கும் சைரன்கள், கடைசியில் வில் வளைப்பும் பழிவாங்கலும். முதல் நான்கு பகுதிகள் ஒரு பத்தி முன்னுரையில் முடிந்துவிடும். ஆனால் அந்த நான்கு பகுதிகள் யாரைப் பற்றியவை? காப்பிய நாயகனான தந்தை ஒடிசியஸ் வீட்டைவிட்டுப் போய் இருபது ஆண்டுகள் கழிந்த நிலையில், வீடு நிறைய அந்நியர்கள் தின்று தீர்க்க, அவர்களை வெளியேற்றும் வலுவில்லாமல் உட்கார்ந்திருக்கும் டெலிமக்கஸ் என்ற இளைஞனைப் பற்றியவை. நீ ஒடிசியஸின் மகன்தானா என்று கேட்கும்போது, அம்மா அப்படித்தான் சொல்கிறாள், எனக்கு எப்படித் தெரியும் என்று பதில் சொல்கிறான். ஊர்ச்சபையைக் கூட்டி வீராவேசமாகப் பேசத் தொடங்கியவன், பேச்சின் முடிவில் கையிலிருந்த செங்கோலைத் தரையில் எறிந்துவிட்டு அழுகிறான். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மூவாயிரம் ஆண்டுப் பழமையான இந்த உலகத்துக்குள் நுழைய ஒரு வாசல் இருக்குமானால் அது இதுதான். தொகுப்பு அதை அடைத்துவிட்டு நேரே அரக்கனிடம் அழைத்துப் போகிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. அரக்கன், சர்சி, சைரன் கதைகள் எல்லாம் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான பகுதிகளில், ஃபியேசியர் என்ற மக்களின் அரண்மனை விருந்தில், ஒடிசியஸ் தானே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவை. அவன் எப்படிப்பட்ட கதைசொல்லி என்பது பதின்மூன்றாம் பகுதியில்தான் முழுமையாகத் தெரிகிறது. சொந்த மண்ணில் இறங்கியதும் எதிரே வந்த அதீனா தேவியிடமே, தான் கிரீட் தீவைச் சேர்ந்தவன் என்று பொய்க் கதை கட்டுகிறான். அவளும் அதை ரசித்துப் புன்னகைக்கிறாள். இதைப் படித்த மாணவர் திரும்பிப் பார்த்து, அப்படியானால் அந்த அரக்கன் கதை மட்டும் எவ்வளவு உண்மை என்று கேட்பார். வேறு எவருடைய வழிகாட்டலும் இல்லாமல் ஒரு மாணவர் தாமே எழுப்பக்கூடிய இத்தகைய கேள்விகளுக்காகத்தான் இலக்கியம் கற்பிக்கிறோம் என்று நினைக்கிறேன். துண்டுகளை மட்டும் படித்தவருக்கு இந்தக் கேள்வி எழ வழியில்லை.

மில்டனின் ஆங்கிலக் காப்பியமான பாரடைஸ் லாஸ்ட்டிலும் இதே கோளாறு இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. பன்னிரண்டு பகுதிகளில் முதல் பகுதியிலிருந்து சாத்தானின் வீர உரைகளைத் தொகுப்புகள் விரும்பி எடுக்கின்றன, ஏனெனில் அவை அற்புதமான கவிதை. பத்தாம் பகுதியில் அதே சாத்தான் தன் வெற்றியை அறிவித்துக் கைதட்டலுக்குக் காத்திருக்கும்போது சபை முழுவதும் பாம்புகளாக மாறிச் சீறுவதும், அவனே பேச்சிழந்து தரையில் ஊர்வதும் பெரும்பாலான மாணவர் கண்ணில் படுவதில்லை. வாசகரை முதலில் மயக்கிப் பின்னர் அந்த மயக்கத்தை அவருக்கே காட்டிக்கொடுப்பதுதான் கவிஞரின் திட்டம் என்றால், முன்பாதியை மட்டும் கொடுப்பது அந்தத் திட்டத்தையே கவிழ்ப்பதாகும்.

வெட்டும் கை எப்போதும் நல்லெண்ணத்தோடு இயங்குவதும் இல்லை. 2002-இல் நியூயார்க் மாநிலப் பள்ளித் தேர்வுகளில் ஐசக் பாஷெவிஸ் சிங்கர், செகாவ் ஆகியோரின் எழுத்துகளிலிருந்து தரப்பட்ட பகுதிகளில், மதம், இனம், மது முதலியவை பற்றிய சொற்கள் யாருக்கும் தெரியாமல் நீக்கப்பட்டிருந்தது வெளியானது. சிங்கரின் எழுத்தில் யூதர்கள் என்ற குறிப்பே அகற்றப்பட்டிருந்தது. கண்டனம் எழுந்ததும் கல்வித் துறை அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அதற்காக முழு நூல் என்று அட்டையில் இருப்பதையெல்லாம் நம்பிவிடவும் முடியாது. நூல்களை எரிப்பதைப் பற்றிய ரே பிராட்பரியின் பாரன்ஹீட் 451, 1967 முதல் பள்ளிகளுக்கான தனிப் பதிப்பில் ஆசிரியருக்குத் தெரியாமல் வெட்டப்பட்டு விற்றது. அவருக்கு விஷயம் தெரியவந்தது 1979-இல்தான். இதைவிடப் பொருத்தமான நூலை வெட்டுவதற்குத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

கவிதைத் தொகுப்பிலும் எந்தப் பிரதி அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பழைய தொகுப்புகள் இலவசமாகக் கிடைப்பதால் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் அவற்றை நாடுவது இயல்பு. எமிலி டிக்கின்சன் எழுதிய ஏறத்தாழ 1,800 கவிதைகளில் அவர் வாழ்ந்த காலத்தில் அச்சானவை மிகச் சில. அவர் இறந்த பிறகு 1890-இல் வெளிவந்த முதல் பதிப்பில் பதிப்பாளர்கள் அவர் நிறுத்தக்குறியாக இட்ட சிறு கோடுகளையும் தலைப்பெழுத்துகளையும் ஒழுங்குபடுத்தினர், எதுகைகளையும் திருத்தினர். மரணம் வண்டியோட்டியாக வந்து அழைத்துச் செல்லும் அவருடைய புகழ்பெற்ற கவிதைக்கு அவர் வைக்காத தலைப்பு ஒன்று சூட்டப்பட்டது. அதன் நான்காம் பத்தி முழுவதும் நீக்கப்பட்டது. சூரியன் தங்களைக் கடந்து போயிற்று என்று தன்னையே திருத்திக்கொண்டு, மெல்லிய ஆடையில் குளிரை உணரும் அந்தப் பத்தியில்தான் பயணத்தின் உண்மை நிறம் தெரியத் தொடங்குகிறது. அவர் எழுதியபடியே அச்சிட்ட பதிப்பு 1955-இல் வந்தது. கவிதைக்கு ஐந்து பத்தி இருக்கிறதா, ஆறு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாலே உங்கள் கையில் உள்ள தொகுப்பு எதைப் பின்பற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் தொகுப்புக்கு எதிரான வாதமாகத் தோன்றலாம். ஆனால் ஆசிரியரின்றித் தானே கற்ற ஒரு சிறுவனுக்குத் தொகுப்பு என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றிலேயே ஒப்பற்ற சான்று இருக்கிறது. அடிமையாகப் பிறந்து பால்டிமோரில் வளர்ந்த ஃபிரடெரிக் டக்ளஸ், எழுத்தறிவு அடிமைக்கு ஆகாது என்று எஜமானர் தடுத்த பிறகு, தெருவில் வெள்ளைக்காரச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கற்றவர். ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் அவர் கைக்கு வந்தது தி கொலம்பியன் ஆரேட்டர் என்ற பள்ளித் தொகுப்பு. 1797-இல் முதலில் வெளிவந்த, சொற்பொழிவுகளும் உரையாடல்களும் அடங்கிய நூல் அது. அதில் ஓர் எஜமானனுக்கும் தப்பியோடிப் பிடிபட்ட அடிமைக்கும் நடக்கும் உரையாடலில், அடிமை தன் வாதத்தாலேயே விடுதலை பெறுகிறான். அதைத் திரும்பத் திரும்பப் படித்துத்தான் தன் மனத்தில் சொல்லின்றி மின்னி மறைந்த எண்ணங்களுக்குச் சொல் கிடைத்ததாக டக்ளஸ் எழுதியிருக்கிறார். அந்த உரையாடல் சில பக்கங்களில் தொடங்கி முடிந்துவிடுவது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் படித்தது ஒரு முழுமை.

டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றுக்கு இன்றைய தொகுப்புகளில் நேர்ந்தது வேறு. பதினோரு அத்தியாயங்கள் கொண்ட அந்த நூலிலிருந்து எழுத்துக் கற்ற கதை மட்டும் மீண்டும் மீண்டும் எடுக்கப்படுகிறது. படித்தால் முன்னேறலாம் என்று எந்தப் பள்ளியும் சொல்ல விரும்பும் செய்திக்கு அது வசதியானது. அடிமைகளை அடக்குவதில் பேர்போன கோவீ என்பவனை எதிர்த்துக் கைகலந்து நின்ற பத்தாம் அத்தியாயத்தையும், அடிமை வைத்திருந்தோரின் கிறித்தவத்தைக் கடுமையாகச் சாடும் பின்னிணைப்பையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எழுத்தறிவு எதற்குப் பயன்பட்டது என்று விளங்கும். நூலோ நூறு பக்கத்தைச் சற்றே தாண்டுவது. காப்புரிமை முடிந்துவிட்டதால் பழைய நூல்களை இணையத்தில் தரும் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இப்படிப்பட்ட ஒன்றைத் துண்டாகப் படிக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நேரக் கணக்கைத் தட்டிக்கழிக்க முடியாது. முழு நூல்களை மட்டுமே படிப்பவர் ஆண்டுக்குப் பத்து எழுத்தாளர்களுக்கு மேல் சந்திக்க இயலாது. அந்தப் பத்தும் தாய்க்கோ தந்தைக்கோ பிடித்த பத்தாகவே அமைந்துவிடும் ஆபத்தும் உண்டு. பள்ளியில் நான்கு ஆண்டுகளில் நான்கு ஆசிரியர்கள் மாறுவார்கள், ரசனையும் மாறும். வீட்டில் ஒரே ரசனைதான் ஆள்கிறது. அந்த ரசனைக்கு அப்பால் ஒரு சன்னலைத் திறந்துவைப்பதே தொகுப்பின் உண்மையான பயன் என்பேன். ஆசிரியர் குறிப்பும் அடிக்குறிப்பும் காலவரிசையும் இலக்கியம் பயிலாத பெற்றோருக்குப் பெரிய துணை. பாடமுடிவில் உள்ள கேள்விகளைத்தான் நான் பெரிதாக மதிப்பதில்லை. விடை ஆசிரியர் பதிப்பில் முன்கூட்டியே அச்சாகியிருப்பதால், மகனும் தாயும் சேர்ந்து ஒரு கதையைப் பற்றி வியப்பதற்கு அவை இடம் தருவதில்லை.

தேர்வுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பெற்றோர் கேட்பது நியாயமே. 2024 முதல் அமெரிக்காவில் கணினிவழி நடக்கும் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் வாசிப்புப் பகுதிகள் 25 முதல் 150 சொற்களுக்குள் சுருங்கிவிட்டன. அதற்கு முழு நாவல் படித்தவர் என்ற தகுதி நேரடியாக உதவாது. கல்லூரிப் பாட மதிப்புத் தரும் ஏபி ஆங்கில இலக்கியத் தேர்வு சற்று வேறுபட்டது. அதன் 55 கொள்குறி வினாக்களும், மூன்று கட்டுரைகளில் இரண்டும், முன்பின் படித்திராத கவிதையையோ உரைநடைப் பகுதியையோ கொடுத்து ஆராயச் சொல்கின்றன. மூன்றாம் கட்டுரைக்கு மாணவர் தாம் முழுமையாக அறிந்த ஒரு நூலை எடுத்து வாதிட வேண்டும். அங்கே துண்டு படித்தவர் இரண்டாம் பத்தியிலேயே நின்றுவிடுவார். கல்லூரிக்குள் நுழைந்த பின் நிலைமை இன்னும் கண்டிப்பானது. 1937 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்துவரும் செவ்விலக்கியப் பாடத்தில் ஓரிரு வாரத்துக்கு ஒரு நூல் என்ற வேகத்தைப் புதிய மாணவர்களால் தாங்க முடியவில்லை என்றும், பள்ளியில் ஒரு நூலைக்கூட முழுதாகப் படிக்கும்படி கேட்கப்படாதவர்களும் அவர்களில் உண்டு என்றும் 2024-இல் தி அட்லாண்டிக் இதழ் எழுதியது.

ஆகவே வாங்கும் முன் தொகுப்பின் பொருளடக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது பலன் தரும். ஆங்கிலத் தொகுப்புகளில் ஒரு தலைப்புக்கு முன்னால், இதிலிருந்து எடுக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு சிறு சொல் சாய்வெழுத்தில் நிற்கும். அந்தச் சொல் ஒட்டியவற்றை அடித்துவிட்டு மீதியைப் பாருங்கள். எஞ்சுவது கவிதை, சிறுகதை, கட்டுரை, சொற்பொழிவு, ஒருவேளை ஒரு முழு நாடகம். அவை போதுமான அளவுக்குத் தேறினால் அந்தத் தொகுப்பு வாங்கத் தக்கது. பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பே போதும், ஆசிரியர் பதிப்பும் தேவையில்லை. அடித்துவிட்டவற்றில் நான்கையோ ஐந்தையோ அந்த ஆண்டின் முழு நூல்களாக நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். பென்சில்வேனியாப் பதிவேட்டிலும் கல்லூரிக்கு அனுப்பும் பாட விளக்கத்திலும் இரண்டு வகையும் தலைப்போடு இடம்பெறும்.

நீண்ட நாவலுக்கு ஆண்டில் இடமில்லை என்று அஞ்சுவோருக்கு டிக்கன்ஸின் கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் ஒரு விடை வைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தொகுப்புகள் பலவற்றில் சுருக்கப்பட்ட வடிவில் இடம்பெற்றுவந்த நாவல் இது. இது 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை ஒரு வார இதழில் 36 பகுதிகளாக வெளிவந்தது. 180 நாள் கொண்ட அமெரிக்கப் பள்ளியாண்டும் 36 வாரம்தான். ஏறத்தாழ 1,85,000 சொற்களை 36-ஆல் வகுத்தால் வாரத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் சொற்கள், அதாவது நிதானமாகப் படித்தாலும் அரை மணி நேரம். முதல் வாசகர்கள் படித்த அதே வேகத்தில், அவர்கள் காத்திருந்த இடங்களிலேயே காத்திருந்து, வாரத்தின் மற்ற நாள்களைத் தொகுப்பிலுள்ள கவிதைக்கும் சிறுகதைக்கும் விட்டுவிட்டு, ஒரு குடும்பம் இதை வெட்டின்றிப் படித்துவிட முடியும். கடைசி வாரத்துக்கு ஒரு வேலையும் காத்திருக்கிறது. டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவை நண்பர் புல்வர் லிட்டனின் யோசனைப்படி மாற்றினார். பழைய முடிவு டிக்கன்ஸ் இறந்த பிறகு ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வெளியாயிற்று. இன்றைய நல்ல பதிப்புகளில் இரண்டும் இருக்கின்றன. கதைநாயகன் பிப்பும் அவன் நேசிக்கும் எஸ்டெல்லாவும் சேர்ந்து நடப்பது சரியா, தெருவில் ஒரு கணம் சந்தித்துப் பிரிவது சரியா என்று, முந்தைய 35 வாரங்களைச் சான்றாக வைத்து, மாணவர் அந்த ஆண்டின் கடைசிக் கட்டுரையை எழுதலாம்.